டவர் லைனுக்கு அடியில் மட்டும் மக்காச்சோளம் தேறவில்லை: கரண்ட் காரணமா, மண் காரணமா?

அமராவதிக்கரை (கேள்வி)

வணக்கம்ங்க. எங்கள் காடு தாராபுரத்துக்குத் தெற்கே, நாலரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். போன வருடம் காட்டுக்குக் குறுக்கே 400 கிலோவோல்ட் லைன் இழுத்தார்கள், ஒரு டவர் எங்கள் நிலத்திலேயே நிற்கிறது. புரட்டாசியில் மக்காச்சோளம் போட்டு இப்போது 40 நாள் ஆகிறது. மற்ற இடமெல்லாம் இடுப்புயரம், ஆனால் டவரடியிலிருந்து கம்பிக்கு நேர் கீழே ஒரு பட்டை மட்டும் முழங்காலைத் தாண்டவில்லை. இலை தண்டோடு சேரும் அடிப்பகுதியில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக வரி ஓடுகிறது. ராத்திரி அங்கே டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் மங்கலாக எரிகிறது, பாகல் பந்தல் கம்பியைத் தொட்டால் சுருக்கென்கிறது. கரண்ட் பயிரை உறிஞ்சுகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் காந்தத்தில் வைத்த விதை நன்றாக முளைக்கும் என்று மகன் ஒரு வீடியோ காட்டினான். எதைத்தான் நம்புவது?

மின்பாதை_ஓய்வு

தம்பி, முப்பது வருடம் லைன் வேலை பார்த்தவன் சொல்கிறேன். டியூப்லைட் எரிவது கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தால். உள்ளே இருக்கும் வாயு ஒளிர அதற்குக் கொஞ்சம் மின்சாரமே போதும், பயிரிலிருந்து எதுவும் உறிஞ்சப்படுவதில்லை. இந்த லைனுக்கு அடியில் காந்தப்புலம் சில மைக்ரோடெஸ்லா வரும், நம் ஊரில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஒன்று மாறுகிற புலம், மற்றது மாறாதது, அதனால் நேராக ஒப்பிட முடியாதுதான், ஆனால் அளவு புரியட்டும் என்று சொல்கிறேன்.

மின்புலம் செடியைக் கருக்குவதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 1100 கிலோவோல்ட் சோதனை லைன் போட்டுப் பார்த்தபோது பக்கத்தில் உயரமாக வளர்ந்த மரங்களின் நுனி கருகியது. கூர்மையான நுனியில் மின்புலம் குவிந்து காற்றிலேயே மின்சாரம் கசிவதால் வருவது அது. அந்தக் கருகல் நுனியில்தான் தெரியும். உங்களுக்கோ வெளுப்பு இலையின் அடியில் இருக்கிறது.

பந்தல் கம்பியை மட்டும் சும்மா விடாதீர்கள். கல்தூணில் கட்டிய கம்பி தரையோடு சேராமல் நிற்பதால்தான் சுருக்கென்கிறது. இரண்டு மூன்று இடத்தில் ஈர மண்ணில் இரும்புக் குழாய் அடித்துக் கம்பியை எர்த் செய்யுங்கள். ரெயின்கன் வைத்திருந்தால் அந்தப் பட்டையில் ஓட்டவே வேண்டாம், தண்ணீர்ப் பீய்ச்சல் மேலே போகும் லைன் கம்பியைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து.

விதைநேர்த்தி

வீடியோ சொல்வதும் பொய் இல்லை, ஆனால் அது வேறு கதை. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் கொண்டைக்கடலை விதையை 50 முதல் 250 மில்லிடெஸ்லா வரை காந்தத்துக்கு நடுவில் ஒன்று முதல் நான்கு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள், முளைப்பும் நாற்றின் வேரும் கூடியது. மில்லி என்றால் மைக்ரோவைப்போல் ஆயிரம் மடங்கு. அதுவும் காய்ந்த விதைக்குச் சில மணி நேரம் மட்டும், வளர்கிற பயிருக்கு இல்லை.

லைனுக்கு அடியில் நின்ற பயிரையே அளந்த ஆய்வும் உண்டு. ஆஸ்திரியாவில் 380 கிலோவோல்ட் லைன் பக்கத்தில் கோதுமையும் மக்காச்சோளமும் ஐந்து வருடம் போட்டார்கள். லைனை ஒட்டிய இடத்தைவிடத் தள்ளியிருந்த இடத்தில் கோதுமை மணி சராசரியாக 7 சதவீதம் கூடுதல். அதைவிட மழை பொய்த்த வருடத்தில் வந்த வித்தியாசம் பெரியது. இடுப்புயரப் பயிர் முழங்காலில் நிற்பதற்கு இது காரணமாக முடியாதுங்க.

மேட்டாங்காடு

அண்ணா, எங்கள் காட்டிலும் இதே கதை, மூன்று வருடம் முன்னால். நானும் கரண்ட்தான் என்று நினைத்து அலைந்தேன். டவருக்குக் குழி தோண்டும்போது பொக்லைன் அடிமண்ணை வெளியே போட்டதல்லவா, நம் பக்கம் அடியில் இருப்பது சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கட்டி மண். அதை மேலேயே பரப்பிவிட்டுப் போனார்கள். கம்பி இழுக்க லாரியும் டிராக்டரும் அதே பட்டையில் ஈரத்தில் ஓடி ஓடி மண்ணைத் தரைபோல ஆக்கிவிட்டன. சுண்ணாம்பு மண்ணில் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காது, நீங்கள் சொல்லும் வெள்ளை வரி துத்தநாகக் குறையேதான். ஒரு கடப்பாரையை எடுத்துப் போய் இரண்டு இடத்திலும் குத்திப் பாருங்கள்.

அமராவதிக்கரை

காலையில் தண்ணீர் விட்ட ஈரத்திலேயே குத்திப் பார்த்தேன். நல்ல பக்கம் ஒரு முழம் இறங்கியது. பட்டையில் நாலு விரற்கடை இறங்கியதும் ணங்கென்று நின்றுவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் கீழே போகாமல் பாய் விரித்ததுபோல் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. டவரைச் சுற்றி வெள்ளைக் கட்டி கட்டியாகச் சுக்கான். டவரிலிருந்து தள்ளி, லாரி போகாத வரப்புக்கு அந்தப் பக்கம் கம்பிக்கு அடியிலேயே பயிர் நன்றாக இருக்கிறது, இதை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. இப்போது என்ன செய்யலாம்?

மேட்டாங்காடு

நிற்கிற பயிருக்கு 0.5 சதவீதம் துத்தநாக சல்பேட் இலைவழியாகத் தெளியுங்கள், கூடவே கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு சேர்த்தால் இலை கருகாது. அறுவடை முடிந்து மண் காய்ந்ததும், இறுகிய அடிமண்ணை உடைக்கும் உளிக்கலப்பை போடுங்கள், அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக. வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன், அடுத்த விதைப்பில் அடியுரமாக 15 கிலோ துத்தநாக சல்பேட். எனக்கு இரண்டாவது போகத்தில்தான் பயிர் சமமாக வந்தது.

உளி போடுவதற்கு முன்னால் பட்டையிலும் நல்ல இடத்திலும் தனித்தனியாக மண் எடுத்துப் பரிசோதனை செய்து, முடிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சியரிடம் இழப்பீடு கேட்கும்போது கரண்ட் பயிரைக் கெடுத்தது என்று எழுதினால் நிரூபிக்க முடியாமல் மனு அப்படியே கிடக்கும். மேல்மண்ணைப் புதைத்து அடிமண்ணை மேலே போட்டார்கள், வண்டி ஓட்டி நிலத்தை இறுக்கினார்கள் என்று போட்டோவோடு எழுதுங்கள். கொடுத்த தொகை போதாது என்றால் மின்பாதைக்கும் பொருந்துகிற 1885ஆம் வருடத் தந்திச் சட்டம் 16ஆவது பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். பயிர் நிற்கும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள் அண்ணா, அறுத்துவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.