830 குதிரை: வி12 மட்டும் போதுமா, வி6-ஓட பேட்டரியும் வேணுமா?

கெர்லிங்_காத்து:
நம்ம மலேசியாவுல ஞாயித்துக்கிழமை காலையில கோலகுபு பாரு வழியா பிரேசர் மலை ஏறுற சூப்பர் காடிங்கள்ல சிலது இப்போ சத்தமே இல்லாம, பேட்டரிலயே டவுனைத் தாண்டுது. அதான் இந்தத் திரி. ஃபெராரி ஒரே 830 குதிரைத் திறனை ரெண்டு விதமா விக்குது. 296 ஜிடிபி: 2,992 சிசி வி6 (ஆறு சிலிண்டர்), ரெட்டை டர்போ, எஞ்சின் 663, மின்மோட்டார் 167. 12சிலிண்ட்ரி: 6,496 சிசி வி12 (பன்னெண்டு சிலிண்டர்), டர்போவும் இல்ல, மோட்டாரும் இல்ல, நிமிஷத்துக்கு 9,500 சுத்து. எது சரியான வழி? "நீ என்ன வாங்கவா போற"ன்னு கேட்கிறவங்க அடுத்த திரிக்குப் போகலாம்.

வி12_பக்தன்:
இதுல கேள்வியே இல்ல லா. எடையப் பாருங்க. ஃபெராரி எஃப்8 காஞ்ச எடை, அதாவது பெட்ரோல், ஆயில் ஊத்தாத எடை, 1,330 கிலோ. அதுக்குப் பின்னாடி வந்த 296 காஞ்ச எடை 1,470. லம்போர்கினி பக்கம் இன்னும் மோசம்: பழைய வி12 அவென்டடோர் உல்ட்டிமே 1,550, அதுக்குப் பின்னாடி வந்த ஹைபிரிட் (எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) ரெவுவெல்ட்டோ 1,772. ஒரு பெரிய ஆள், ஒரு சின்ன ஆள், ரெண்டு மூட்டை உரம் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வளைவுல திரும்புற மாதிரி. குதிரையக் கூட்டிட்டு அதைச் சுமக்கவே பாதியச் செலவு பண்றாங்க.

ஆரஞ்சு_ஒயர்:
பக்தன் அண்ணே, வேணும்கிற ரெண்டு காடிய மட்டும் எடுத்துக்கிட்டீங்க. திரியோட கேள்விக்கு வாங்க. 12சிலிண்ட்ரி காஞ்ச எடை 1,560. அதே 830 குதிரையோட 296 அதைவிட 90 கிலோ கம்மி. மெக்லாரன் ஆர்த்துராவையும் பாருங்க: வி6 எஞ்சின் 160 கிலோ, அவங்க பழைய வி8-ஐ விட 50 கிலோ கம்மி. ஹைபிரிட் சாமான் மொத்தம் 130, அதுல பேட்டரி 88, மோட்டார் வெறும் 15.4. காஞ்ச எடை 1,395. எஞ்சின சின்னதாக்கி மிச்சம் பிடிச்ச இடத்துல பேட்டரிய வைக்கிறதுதான் கணக்கு. ரெவுவெல்ட்டோல வி12-ஐயும் விடல, மூணு மோட்டாரையும் சேர்த்தாங்க, அதான் 1,772. தப்பு ஹைபிரிட் மேல இல்ல, எதையும் விட மனசு இல்லாததுதான் தப்பு.

வி12_பக்தன்:
12சிலிண்ட்ரி முன்னாடி எஞ்சின் வச்ச தூரப் பயணக் காடி. 296 நடு எஞ்சின். ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க தம்பி. நடு எஞ்சினுக்கு நடு எஞ்சின்தான் ஜோடி, அப்படிப் பார்த்தா எஃப்8 கிட்ட 140 கிலோ தோல்வி.

ஆரஞ்சு_ஒயர்:
எஃப்8 720 குதிரை. 110 குதிரை கூடுதலுக்கு 140 கிலோ. தோல்வின்னு சொல்ல மாட்டேன், விலைன்னு சொல்வேன்.

கேப்_வளைவு:
எடைய விடுங்க, கால்ல தெரியுறது பிரேக். 296-லயும், ஃபெராரியோட இன்னொரு ஹைபிரிட்டான எஸ்எஃப்90-லயும் பெடலுக்கும் கேலிப்பருக்கும் (பிரேக் பேட அழுத்துற சாமான்) நேரடி இணைப்பு இல்ல. மிதிச்ச அளவ சென்சார் படிக்குது, மோட்டார் எவ்வளவு இழுத்துக் கரண்டு சேர்க்கணும், பேட் எவ்வளவு கடிக்கணும்னு கம்ப்யூட்டர் பிரிச்சுக் கொடுக்குது. பேட்டரி நிறைஞ்சிருந்தா மோட்டார் பங்கு குறையும், காலியா இருந்தா கூடும். இந்த மாத்தத்தக் கால் உணரக்கூடாதுன்னுதான் அவ்வளவு வேலையும். மெக்லாரன்காரங்க அந்த வம்பே வேணாம்னு ஆர்த்துராவுல பெடல் வழியா கரண்டு சேர்க்கிறதையே எடுத்துட்டாங்க, ஸ்டீயரிங்கும் ஹைட்ராலிக்காவே வச்சுட்டாங்க. ஓடும்போது பேட்டரிய எஞ்சின்தான் நிரப்புது. ஹைபிரிட் பிடிக்காதவங்க முதல்ல இதை ஓட்டிட்டுப் பேசணும்.

இன்னொன்னு, நம்ம பழைய ரோட்டுல செம்பனைக் குலை லோரி உதிர்த்துட்டுப் போற பழம் மழையில நசுங்கினா தரை சோப்பு மாதிரி. மோட்டாரோட முறுக்கு காலை வச்ச நொடியே வரும், டர்போ மாதிரி அரை நொடி அவகாசம் தராது. அந்த ரோட்டுல ஈர மோட்ல வச்சு ஓட்டுறதுதான் புத்தி.

வி12_பக்தன்:
சத்தத்தைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்களே.

கேப்_வளைவு:
296 வி6-க்கு ஃபெராரி எஞ்சினியர்களே "சின்ன வி12"னு செல்லப்பேர் வச்சாங்க. ஆனா அதுக்காக எக்ஸாஸ்ட் ஒலிய உள்ள கொண்டுவர தனிக் குழாய் போட வேண்டி இருந்துச்சு. இதுல பக்தன் அண்ணன் பக்கம்தான் நான்.

ஃபோர்மன்_களும்பாங்:
சத்தம், எடை எல்லாம் ஓட்டுறவன் கவலை. பட்டறைக்கு வர்றது வேற. ஹைபிரிட் சூப்பர் காடி பெரும்பாலும் நின்னே கெடும். 7 கிலோவாட்-மணி பேட்டரி வயித்துல இருக்கும், ஆனா கதவு திறக்காது. ஏன்னா பெரிய பேட்டரியோட காண்டாக்டர (பெரிய சுவிட்ச்) மூட சின்ன 12 வோல்ட் பேட்டரி உயிரோட இருக்கணும். அலாரமும் கம்ப்யூட்டரும் நிறுத்தி வச்ச காடியிலயும் கொஞ்சங்கொஞ்சமா அதை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஓட்டாத வாரத்துல சார்ஜர் மாட்டியே வைக்கணும். அந்த 12 வோல்ட் லித்தியமா இருந்தா சார்ஜரும் லித்தியம் மோட்ல இருக்கணும். ஈய பேட்டரிக்கான புதுப்பிக்கிற மோட் 15 வோல்ட்டுக்கு மேல ஏத்தும், லித்தியம் பேட்டரி போயிடும்.

பெரிய பேட்டரிய நம்ம வெயில்ல நூறு சதவீதம் நிரப்பி மாசக்கணக்குல நிறுத்தக் கூடாது, காலியாவும் விடக் கூடாது. பாதி போதும்.

அப்புறம் எலி. தோட்டத்துல ஆந்தைக் கூண்டு கட்டி வச்சிருக்காங்க, அது குலை திங்கிற எலிக்கு. காடி கொட்டாய்க்கு ஆந்தை வராது. எச்வி (உயர் வோல்ட்) கரண்டு ஓடுற ஆரஞ்சு ஒயரோட உறைய எலி கடிச்சா எஞ்சின் கிளம்பாம போறது மட்டும் இல்ல, இன்சுலேஷன் ஃபால்ட் (கரண்டுக் கசிவு) காட்டி மொத்த எச்வி சிஸ்டமும் பூட்டிக்கும். எஸ்எஃப்90-லயும் ஆர்த்துராவுலயும் ரிவர்ஸ் கியரே கிடையாது, பின்னாடி போறது மோட்டாராலதான். கொட்டாய்க்குள்ள மூக்கை விட்டு நிறுத்தின காடி எப்படி வெளிய வரும்னு யோசிங்க.

கெர்லிங்_காத்து:
ஃபோர்மன் அண்ணே, அந்த ஃபால்ட் வந்தா முதல்ல எங்க பார்க்கணும்?

ஃபோர்மன்_களும்பாங்:
முதல்ல பேட்டரியக் குறை சொல்லாத. கனெக்டர் எல்லாம் சரியா மாட்டியிருக்கான்னு பார்க்க ஒவ்வொண்ணுலயும் ஓடுற இன்டர்லாக் ஒயர் இருக்கு, சின்னக் கரண்டு. ஒரு பின் பச்சை பிடிச்சாலும் வட்டம் அறுந்து சிஸ்டம் படுத்துடும். நம்ம ஈரத்துக்கு அதுதான் முதல் சந்தேகம். அது சரியா இருந்தா ஒவ்வொரு சாமானா கழட்டி இன்சுலேஷன் மீட்டர்ல அளக்கணும். 400 வோல்ட்டுக்கு விதிப்படி குறைஞ்சது 40 கிலோ-ஓம் வேணும். நல்ல சிஸ்டம் மெகா-ஓம்ல நிக்கும். எந்த சாமானக் கழட்டினா எண்ணு மேல ஏறுதோ அதுதான் கள்ளன். பெரும்பாலும் ஏசி கம்ப்ரசர்.

கேப்_வளைவு:
ஏசி எப்படி?

ஃபோர்மன்_களும்பாங்:
கம்ப்ரசர் பெல்ட்ல இல்ல, எச்வி-ல ஓடுது. உள்ள இருக்கிற ஆயில்ல சுருள் ஊறுது. அதுக்கு பிஓஇ ஆயில்தான் போடணும். சாதாரண ஏசி கடையில கேஸ் ஏத்தும்போது பழைய காடியோட பிஏஜி ஆயில் ஓஸ்ல மிச்சம் இருந்தா அதுவும் உள்ள போகும். அது ஈரத்தை இழுக்கும், கரண்டைக் கடத்தும். நாப்பது அம்பது வெள்ளி (ரிங்கிட்) கேஸ் வேலைக்கு கம்ப்ரசரே போயிடும். ஆர்த்துராவுல ஏசி கேஸ்தான் பேட்டரியையும் குளிர வைக்குது, அதனால அங்க கேஸ் கசிவுன்னா அது ஏசிக் கோளாறு இல்ல, பேட்டரிக் கோளாறு.

ஆரஞ்சு_ஒயர்:
ஃபோர்மன் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா படிச்சிட்டு யாரும் கழட்ட ஆரம்பிச்சிடாதீங்க. வரிசை முக்கியம். சாவிய காடிய விட்டுத் தள்ளி வை. 12 வோல்ட்ட அவிழ். கையுறை மாட்டிக்கிட்டு, பெரிய பேட்டரியத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்க உருவி, உன் பாக்கெட்லயே வை, வேற ஆள் மாட்டிடக் கூடாது. அப்புறம் 10 நிமிஷம் சும்மா நில்லு, இன்வர்ட்டர் கெபாசிட்டர்ல தங்கின கரண்டு இறங்கணும். மேனுவல்ல அதுக்கு மேல போட்டிருந்தா மேனுவல்தான். கையுறைன்னா கரண்டு தாங்குற கிளாஸ் 0 ரப்பர் கையுறை, மேல தோல் கையுறை. போடுறதுக்கு முன்னாடி காத்து ஊதிச் சுருட்டிப் பாரு, ஊசி ஓட்டை இருந்தா தெரியும். டெஸ்டர முதல்ல உயிருள்ள ஒரு பேட்டரில வச்சுப் பாரு, அப்புறம் காடில அள, திரும்பவும் அந்த பேட்டரில பாரு. 60 வோல்ட்டுக்குக் கீழ வந்தாத்தான் கை. செத்த டெஸ்டர் பூஜ்யம் காட்டும், ஆள் அதை நம்புவான்.

இழுத்துட்டுப் போறதுன்னா நாலு சக்கரமும் மேல ஏத்துற லோரி மட்டும். மோட்டார்ல நிரந்தரக் காந்தம் இருக்கு, சக்கரம் சுத்தினா அது டைனமோ.

வி12_பக்தன்:
பார்த்தீங்களா. கையுறை, டெஸ்டர், சிறப்பு ஆயில். பேட்டரி இல்லாத பழைய ஃபெராரி 458-க்கு ஸ்பேனரும் ஸ்கேனரும் போதும். இதுக்கெல்லாம் மேல பேட்டரிக்கு ஆயுசு இருக்கு. கணக்கு போடுங்க: 296 மோட்டார் 122 கிலோவாட், பேட்டரி 7.45 கிலோவாட்-மணி. பேட்டரி அளவுல 16 மடங்கு வேகத்துல உறிஞ்சுது. ரெவுவெல்ட்டோ 3.8-லேருந்து 140 கிலோவாட், 37 மடங்கு கிட்ட. 60 கிலோவாட்-மணி பேட்டரியும் 150 கிலோவாட் மோட்டாரும் உள்ள சாதாரண மின்காடிக்கு 2.5 மடங்குதான். சூட்டுல சாகாம என்ன பண்ணும்? ஃபெராரியே 2024-ல கொண்டுவந்த நீட்டிப்பு வாரண்டில 8-ஆவது வருஷமும் 16-ஆவது வருஷமும் பேட்டரிய மாத்தித் தர்ற திட்டம் வச்சிருக்கு. செஞ்சவனுக்கே 8 வருஷத்துக்கு மேல நம்பிக்கை இல்ல.

ஆரஞ்சு_ஒயர்:
நம்பிக்கை இல்லாதவன் மாத்தித் தர்றேன்னு எழுதிக் கொடுப்பானா? உங்க மடங்குக் கணக்கு சரி. ஆனா அந்த உறிஞ்சல் எவ்வளவு நேரம்? 296 பேட்டரி முழு சக்தியில நிக்காம கொடுத்தா மூணரை நிமிஷத்துல காலி. ரோட்டுல அது நாலு நொடி, அஞ்சு நொடி வெடிப்பு. இந்த வகை செல்லே அந்த வேலைக்குச் செஞ்சது. வயசாகுறது வேகமா உறிஞ்சறதால மட்டும் இல்ல, சூட்டுல நிறைச்சு நிறுத்தறதால. ஃபோர்மன் அண்ணன் சொன்ன அதே விஷயம்.

வி12_பக்தன்:
செப்பாங் ரேஸ் தளத்துல ஒரு சுத்து 5.543 கிமீ. அங்க அஞ்சு நொடி வெடிப்பு இல்ல தம்பி.

ஆரஞ்சு_ஒயர்:
அதுக்குத்தான் பெர்ஃபார்மன்ஸ் மோட். எஞ்சின் அணையாது, பேட்டரிய நிரப்பிக்கிட்டே ஓடும். முழு சக்தியும் கொடுக்கிற குவாலிஃபை மோட்லயே நாள் பூரா ஓட்டினா சக்தி குறையத்தான் செய்யும், பேர்லயே இருக்கே.

ரோட்டெக்ஸ்_கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் வெள்ளி பத்திப் பேசவே இல்ல. தீபகற்பத்துல, தனியாள் பேர்ல, ஹைபிரிட்டுக்கும் ரோட் டெக்ஸ் எஞ்சின் சிசி வச்சுத்தான். 296: 2,500 வரைக்கும் 880 வெள்ளி, மிச்ச 492 சிசிக்கு 2.50 வீதம் 1,230, மொத்தம் 2,110. 12சிலிண்ட்ரி: 3,000 வரைக்கும் 2,130, மிச்ச 3,496 சிசிக்கு 4.50 வீதம் 15,732, மொத்தம் 17,862. ஒரே குதிரை, எட்டு மடங்கு வரி.

ஆனா ஹைபிரிட்டுன்னாலே வரி குறையும்னு நினைக்காதீங்க. போர்ஷே 911 ஜிடிஎஸ் பழசு 2,981 சிசி, 2,082.50 வெள்ளி. 2024-ல ஹைபிரிட் ஆனதும் எஞ்சின் 3,591 சிசி, 4,789.50.

கேப்_வளைவு:
அந்த ஜிடிஎஸ்தான் எனக்கு நல்ல வழியாத் தெரியுது. 1.9 கிலோவாட்-மணி பேட்டரி, 27 கிலோ. மொத்தக் காடி பழசை விட 50 கிலோதான் கூடுச்சு, நூர்பர்க்ரிங் ரேஸ் தளத்துல 8.7 நொடி வேகம். பிளக் இல்ல, சார்ஜர் இல்ல. டர்போவ மோட்டார் சுத்திவிடுது, எக்ஸாஸ்ட் காத்து மிஞ்சினா அதே மோட்டார் கரண்டா மாத்துது.

கெர்லிங்_காத்து:
பிளக் பத்தி வந்ததால கேட்கிறேன். நம்ம பக்கத்துப் பழைய வீட்டுல 296 மாதிரி ஒண்ண சார்ஜ் போட முடியுமா?

ஃபோர்மன்_களும்பாங்:
முடியும். மூணு முள் சொக்கெட்ல 10 ஆம்பியர்னா 2.3 கிலோவாட் கிட்ட, காலியிலேருந்து மூணரை நாலு மணி நேரம். ஆனா தோட்டத்துப் பழைய லயத்துலயும் பலகை வீட்டுலயும் எர்த் பேருக்குத்தான் இருக்கும். சார்ஜர் அதைச் சோதிக்கும், சிவப்பு விளக்கு போட்டு மறுத்துடும். வயர்மேன வச்சு எர்த் ராட் அடிச்சு ரீடிங் எடு, தனி வயர், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா அணையிற சுவிட்ச்). நீட்டுற வயர்ல போடவே போடாத, சுருட்டின வயர் உருகும்.

ரீகான்ல (வெளிநாட்டுல ஓடின பழசு) வந்த காடின்னா வாரண்டி இங்க செல்லுமான்னு எழுத்துல வாங்கு. பேட்டரி ஆரோக்கிய ரிப்போர்ட்ட அதிகாரபூர்வ ஸ்கேனர்ல எடுக்கச் சொல்லு, மீட்டர்ல தெரியுற கிமீ வச்சு முடிவு பண்ணாத. கம்மியா ஓடின காடிதான் ரொம்ப நாள் நின்ன காடி. ஆயில கிமீ பார்க்காம வருஷம் ஒரு தடவை மாத்து. மின்சாரத்துலயே டவுனுக்குப் போய் வந்தா எஞ்சின் நடுவுல ரெண்டு நிமிஷம் எழும்பி அணையும், ஆயில்ல தண்ணியும் பெட்ரோலும் தங்கும். வாரம் ஒருக்கா அரை மணி நேரம் ஆயில் 90 டிகிரி தொடுற வரைக்கும் ஓட்டணும்.

வி12_பக்தன்:
இந்தப் பட்டியல்ல பாதி வி12-க்குத் தேவையே இல்ல.

ரோட்டெக்ஸ்_கணக்குப்பிள்ளை:
தேவை இல்லதான். 17,862 மட்டும் எடுத்து வச்சுக்கோங்க அண்ணே, வருஷா வருஷம்.