கலைச்சொல் உதவி: இன்ஜின் ‘நாக்கிங்’ – தமிழில் என்ன?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். மோட்டார் பழுதுநீக்கம் படிக்கும் மாணவர்களுக்கான கையேட்டில் ‘இன்ஜின் சத்தங்கள்’ பாடம் என் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘நாக்கிங்’ என்ற ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. மூலத்தில் அது இரண்டு பழுதுகளுக்கு வருகிறது. ஒன்று, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் பரவி முடிவதற்குள், ஓரத்தில் எரியாமல் மிஞ்சிய கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடிப்பது. பாரத்தோடு மேடு ஏறும்போது கிணிங் கிணிங்கென்று கேட்கும். மற்றது, பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்ததால் பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு கிராங்கில் மோதுவது. பழைய பதிப்பு இரண்டையும் ‘தட்டல்’ என்கிறது. பிரித்துச் சொல்ல வழி சொல்லுங்கள்.

பட்டறைப் பயிற்றுநர்:
பிரித்தே ஆக வேண்டும் அம்மா. முதலாவதற்குச் சிலிண்டருக்குள் படிந்த கரியை எடுப்போம், ஆக்டேன் கூடிய பெட்ரோல் போடச் சொல்வோம், ஸ்பார்க் விழும் நேரத்தை, அதாவது டைமிங்கைப் பார்ப்போம். இப்போதைய வண்டிகளில் பிளாக்கில் முடுக்கியிருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வைப் பிடித்துக் கொடுக்க, கம்ப்யூட்டரே ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதப்படுத்திவிடும். இரண்டாவது அப்படியில்லை. முதலில் ஆயில் பிரஷரைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டராக ஸ்பார்க்கை நிறுத்திப் பார்த்தால், எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் ராடு அடிக்கிறது. சொல்லில் குழம்பிய பையன் பேரிங் போன வண்டிக்குப் பெட்ரோலை மாற்றிக்கொண்டிருப்பான். அதற்குள் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும்.

பட்டறையில் ‘ராடு அடிக்குது’ என்போம், ‘நாக்கிங்’ என்போம். இரண்டும் எல்லாருக்கும் விளங்கும். அப்படியே போட்டால் என்ன குறை?

இலக்கண ஆசிரியர்:
ஓசைக்குச் சொல் இல்லாத மொழியா நம்முடையது? தொல்காப்பிய உரியியலைத் திறந்து பாருங்கள். ‘கம்பலை சும்மை கலியே அழுங்கல், என்றிவை நான்கும் அரவப் பொருள.’ அதே இயலில் துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் நான்கையும் ‘இசைப்பொருட் கிளவி’ என்கிறார். கலவை வெடிப்பதற்குச் சிலைத்தல், ராடு மோதுவதற்கு இரங்கல். முரசு இரங்கும் என்பது சங்க வழக்கு. அந்தக் கனத்த ஓசைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

பயிற்றுநர்:
ஐயா, உங்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இன்றைக்கு இரங்கல் என்றால் சாவுக்குச் சொல்வது, துவைத்தல் என்றால் துணிக்கு. கையில் ஸ்பேனரோடு நிற்பவன் உரை தேடிப் போக மாட்டான்.

வேர்ச்சொல் ஆர்வலர்:
‘நாக்’கை அயற்சொல் என்று ஏன் ஒதுக்குகிறீர்கள்? அடிப்பதை ‘நொக்குதல்’ என்கிறோம். ‘நொக்கி எடுத்துவிட்டான்’ என்பது பேச்சுவழக்கு. நொக்கு, நாக் – வேர் ஒன்றே. ‘நொக்கல்’ என்று வைத்தால் தூய்மையும் கிடைக்கும், பட்டறைக்காரர்களுக்கும் புரியும்.

மொழியியல் மாணவி:
வேர் ஒன்றல்ல ஐயா. ‘knock’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் இன்று எழுத்தில் மட்டும் நிற்கும் ககரம் முன்பு ஒலிக்கப்பட்டது. பழைய ஆங்கில வடிவம் ‘க்னோகியன்’ (cnocian) போன்றது. நடுவிலிருக்கும் c எழுத்தையும் ககரமாகவே ஒலிப்பார்கள். இன்றைய ஒலியை வைத்து உறவு பேச முடியாது. வேரை விட்டுவிட்டுப் பார்த்தால் ‘நொக்கல்’ நல்ல சொல்தான், ஆனால் அதுவும் இரண்டு பழுதையும் பிரிக்கவில்லை.

என் முன்மொழிவு: எரிவதில் பிறக்கும் ஓசைக்கு ‘எரிதட்டு’, மற்றதற்கு ‘ராடு அடிப்பு’.

இலக்கண ஆசிரியர்:
‘எரிதட்டு’ வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. அதுவரை சரி. ஆனால் தட்டு என்றதும் சோற்றுத் தட்டும் கிளட்ச் தட்டும்தான் கண்முன் வரும். எரிகின்ற தட்டு என்றே படிப்பார்கள். தொழிற்பெயர் விகுதி சேர்த்து ‘எரிதட்டல்’ ஆக்குங்கள். ராடைத் தமிழில் ‘இணைதண்டு’ என்றால் ‘தண்டடிப்பு’ என்று முடிக்கலாம்.

பயிற்றுநர்:
எரிதட்டல் சரி, சொன்னதும் விளங்குகிறது. ஆனால் தண்டடிப்பு வேண்டாம் ஐயா. இன்ஜினில் வால்வுகளை இயக்கும் புஷ் ராடும் தண்டுதான், கேம்ஷாஃப்டும் தண்டுதான். டேப்பட் டிக்டிக் என்று அடித்தால்கூட, புஷ் ராடுதான் அடிக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வான். அந்தச் சத்தம் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தரம் வரும், ஏனென்றால் கேம்ஷாஃப்ட் பாதி வேகத்தில்தான் சுற்றும். ராடு என்பது ராடாகவே இருக்கட்டும்.

கவிதை எழுதும் அன்பர்:
இத்தனை மடலில் ஒருவரும் காதால் யோசிக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. எரிதட்டலில் கேட்பது உலோகம் அதிரும் ஓசை. ‘கணகண’ என்று மணி ஒலிப்பதைச் சொல்கிறோம், தீ கணகணவென்று எரிகிறது என்றும் சொல்கிறோம். சூடும் உலோக ஓசையும் ஒரே சொல்லில் இருக்கும்போது எதற்கு ஒட்டுச்சொல்? ‘கணகணப்பு’ என் வாக்கு.

மொழிபெயர்ப்பாளர்:
கணகணப்பு எனக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் காய்ச்சலில் உடம்பு கணகணக்கிறது என்பதும் வழக்கு, அதனால் ‘இன்ஜின் கணகணக்கிறது’ என்று படிப்பவன் ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பான் என்று அஞ்சுகிறேன். நால்வர் ஏற்றிருப்பதால் ‘எரிதட்டல்’, ‘ராடு அடிப்பு’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘நாக்கிங் எனப்படும் எரிதட்டல்’ என்று வரும்.

கவிதை எழுதும் அன்பர்:
ஒட்டுச்சொல்லை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
பதிந்துகொண்டேன் ஐயா. இன்னொன்று பாக்கி இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் ஆடிச் சிலிண்டர் சுவரில் அறையும், சூடேறி பிஸ்டன் விரிந்ததும் அடங்கிவிடும். இதற்கு ‘பிஸ்டன் அறைவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் நாளை மாலைக்குள் எழுதுங்கள்.