பிசிஆரில் பாசிட்டிவ், தட்டில் ஒன்றுமில்லை: லிஸ்டீரியாவைப் பிரிக்க வழி வேண்டும்

உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பாருங்கள். நறுக்கிய காய்கறி மாதிரிகளில் உணவு வழி நோய் தரும் பாக்டீரியாவான லிஸ்டீரியா மோனோசைட்டோஜீனஸ் இருப்பதாக, டிஎன்ஏவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை சொல்கிறது. வளர்ப்புத் தட்டில் அதன் காலனி ஒன்றுகூடத் தேறவில்லை. என் முனைவர் பட்ட ஆய்வின் கடைசி அத்தியாயமே இவற்றின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்துவதுதான். உயிருள்ள காலனி கைக்கு வராமல் அது நகராது.

முறை, லிஸ்டீரியாவைக் கண்டறியும் சர்வதேசத் தரமுறையான ஐஎஸ்ஓ 11290-1. 25 கிராம் மாதிரி, லிஸ்டீரியாவைப் பெருக்கும் ப்ராத்தான (திரவ ஊடகம்) ஹாஃப் ஃப்ரேசர் 225 மி.லி.யில் 30 டிகிரியில் ஒரு நாள். பிறகு ஃப்ரேசரில் 37 டிகிரியில் இன்னொரு நாள். அங்கிருந்து லிஸ்டீரியாவை நிறத்தால் காட்டும் அலோவா தட்டு. ப்ராத் கன்னங்கரேலென்று கறுக்கிறது. தட்டு நிறைய நீலப்பச்சைக் காலனிகள், ஆனால் எதைச் சுற்றியும் மோனோசைட்டோஜீனஸுக்கு வரவேண்டிய அந்த மங்கலான வெள்ளை வளையம் இல்லை. எடுத்துச் சோதித்தவை எல்லாம் இன்னோகுவா, பொதுவாக நோய் தராத இன்னொரு லிஸ்டீரியா இனம். ப்ராத்தில் அது மற்றதை முந்திவிடும் என்பது தெரிந்த கதைதான்.

செத்த செல்லின் டிஎன்ஏ என்று சொல்லிவிடாதீர்கள். தொடக்கத்தைவிட 24 மணி நேரத்தில் பிசிஆரின் சிடி மதிப்பு (குறைந்தால் டிஎன்ஏ அதிகம் என்று பொருள்) நன்றாக இறங்குகிறது. உள்ளே பெருகத்தான் செய்கிறது.

ஹாஃப் ஃப்ரேசரிலிருந்தே நேரடியாகத் தீட்டிப் பார்த்தாயிற்று. பத்து மடங்கு நீர்த்துப் பரப்பியும், தட்டை 48 மணி நேரம் வைத்தும், சப்ளிமென்டைப் புது பேட்ச்சுக்கு மாற்றியும், ஆட்டு ரத்த அகாரிலும் அதே கதை. பாசிட்டிவ் கன்ட்ரோல் மட்டும் ஒவ்வொரு முறையும் அழகாக வளையம் போடுகிறது. வழிகாட்டி “இன்னும் நிறையக் காலனி எடு” என்கிறார். எடுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

இன்னோகுவா மண்டிய ப்ராத்திலிருந்து மோனோசைட்டோஜீனஸைப் பிரித்தெடுத்தவர்கள், எந்தப் படியை மாற்றினீர்கள்?