வயல் வேலை செய்யும் பெண்களிடம் முடக்குவாதம்: ஆய்வை எப்படி வடிவமைப்பது?

காவிரிக்கரை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். சமூக மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். டெல்டா மாவட்டங்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களிடம் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), லூபஸ் போன்ற, நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் எந்த அளவுக்கு உள்ளன, அவற்றுக்கும் பூச்சிமருந்துக்கும் தொடர்பு உண்டா என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஐந்தாறு கிராமங்களில் வீடு வீடாகச் சென்று சுமார் 2,000 பேரிடம் மூட்டுவலி பற்றிக் கேட்டு, வலி உள்ளவர்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்யலாம் என்பது என் திட்டம். இந்த எண்ணிக்கை போதுமா? மேலும், இப்பெண்கள் பெரும்பாலும் தம் கையால் மருந்து அடிப்பதில்லை; மற்றவர் அடித்த வயலில் மறுநாளோ அதற்கடுத்த நாளோ இறங்கி வேலை செய்கிறார்கள். அவர்கள் உடலில் பட்ட மருந்தை எந்த முறையில் கணக்கிடுவது?

ஓய்வுபெற்ற பேராசிரியர், நோய்ப்பரவலியல்:

வணக்கம் அம்மா. எண்ணிக்கையை முதலில் பார்த்துவிடுவோம். மகாராஷ்டிரத்தில் புணே மாவட்டத்துப் பிக்வான் கிராமத்தில் 1996-இல் தொடங்கிய மூட்டுநோய்க் கணக்கெடுப்பில், முடக்குவாதம் பெரியவர்களில் ஏறத்தாழ 0.5 விழுக்காட்டினருக்கு இருந்தது. அதே அளவு உங்கள் கிராமங்களிலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 2,000 பேரில் பத்து நோயாளிகள் கிடைப்பார்கள். பத்துப் பேரை வைத்துக்கொண்டு எந்த மருந்தைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. லூபஸ் அதைவிட அரிது என்பதால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மூட்டுநோய்ப் பிரிவுக்கு வரும் புதிய முடக்குவாத நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அதே ஊரில், அதே வயதில், நோயற்ற பெண்கள் இருவரையோ மூவரையோ ஒப்பிடும் ஆய்வே உங்கள் காலத்துக்கும் பணத்துக்கும் ஏற்றது. ஒப்பிடப்படுவோரை மருத்துவமனையின் எலும்புப் பிரிவிலிருந்து எடுக்காதீர்கள். அங்கே முதுகுவலியோடு வருபவர்களிலும் பலர் வயல் வேலை செய்பவர்களாகவே இருப்பார்கள் என்பதால், இருக்கும் வேறுபாடும் மறைந்துவிடும்.

இத்துறையில் நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-இல் தொடங்கிய வேளாண் உடல்நல ஆய்வு. உரிமம் பெற்று மருந்து அடிக்கும் விவசாயிகள் 52,000-க்கும் மேற்பட்டோரும், அவர்களுடைய வாழ்க்கைத்துணைகள் 32,000-க்கும் மேற்பட்டோரும் அதில் சேர்ந்தனர். அந்த மனைவியரைப் பற்றி 2016-இல் வந்த கட்டுரையில், மானெப் அல்லது மான்கோசெப் பூசணக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களுக்குப் புதிதாக முடக்குவாதம் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகவும், கிளைபோசேட் களைக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களுக்கு 1.4 மடங்காகவும் இருந்தது; இரசாயன உரம் இட்டவர்களிடமும் தொடர்பு தெரிந்தது. சிறுவயதிலும் பின்னரும் கால்நடைகளோடு வாழ்ந்தவர்களுக்கோ நோய் குறைவு. ஆகவே மாடு வளர்ப்பைப் பற்றிய கேள்வியை மறக்காமல் சேருங்கள். ஆயினும் அந்த ஆய்வு நிலமும் உரிமமும் உள்ள குடும்பங்களைப் பற்றியது என்பதை நினைவில் வையுங்கள். கூலிக்குச் செல்லும் புலம்பெயர் தொழிலாளர்கள் அதில் இல்லை. நீங்கள் கேட்க நினைப்பது அந்த இடைவெளியில் உள்ள கேள்வி என்பதால்தான் இந்தத் தலைப்பை விட வேண்டாம் என்கிறேன்.

மூட்டுவாதவியல் மருத்துவர்:

பேராசிரியர் கூறியதோடு உடன்படுகிறேன். நோயை உறுதிசெய்வதில் சில எச்சரிக்கைகள் மட்டும். 2006-இல் சிக்குன்குன்யா தமிழகத்தில் பரவியபோது, காய்ச்சல் தணிந்த பிறகும் மாதக்கணக்கில் கைவிரல் மூட்டுகள் வீங்கியவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் முடக்குவாதத்துக்கான வகைப்பாட்டு அளவுகோலுக்கும் பொருந்திவிடுவார்கள். காய்ச்சல் வரலாற்றைக் கேட்காமலும் ஆன்டி சிசிபி (முடக்குவாத எதிர்பொருளைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்காமலும் யாரையும் நோயாளியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏஎன்ஏ (லூபஸ் போன்ற நோய்களுக்குப் பார்க்கும் எதிர்பொருள்) பரிசோதனையை எல்லாருக்கும் செய்யும் எண்ணமிருந்தால் கைவிடுங்கள்: 1:40 நீர்ப்பில் (இரத்தநீரை நாற்பது மடங்கு நீர்த்துப் பார்த்தால்) நலமாக இருப்பவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு நேர்மறையாக வரும், 1:160-லும் இருபதில் ஒருவருக்கு வரும். அந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு நாம் கிளம்பிவிட்டால், அந்தப் பெண் யாரிடம் போய் விளக்கம் கேட்பாள்?

இன்னொன்று காலம் பற்றியது. முடக்குவாதத்தில் தன் உடலையே தாக்கும் எதிர்பொருள்கள் முதல் வலிக்குப் பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் தோன்றிவிடும். வலி தொடங்கியதும் பெண்கள் வயலுக்குப் போவதைக் குறைத்துக்கொள்வார்கள். எனவே நோய் கண்டறியப்பட்ட தேதியை வைத்துக் கணக்கிட்டால், வேலைக்கே போகாதவர்களுக்குத்தான் நோய் அதிகம் என்ற தலைகீழான முடிவு வரும். விரல்களில் காலை விறைப்பு முதலில் தோன்றிய ஆண்டைக் கேட்டு, அதற்கு முந்தைய வேலை வரலாற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புகையிலை போடும் பழக்கத்தையும் தனியாகப் பதிவுசெய்யுங்கள்; நம் பெண்களிடம் பீடி, சிகரெட் பற்றி மட்டும் கேட்டால் விடை ஏறக்குறைய எப்போதும் இல்லை என்றே வரும்.

காவிரிக்கரை மாணவி:

இருவருக்கும் நன்றி. லூபஸை விட்டுவிடுகிறேன். மருந்துத் தொடர்பை அறியச் சிறுநீர்ப் பரிசோதனை உதவுமா? தூசியையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற பேராசிரியர், நோய்ப்பரவலியல்:

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளின் எச்சம் சில நாட்களில் சிறுநீரில் வெளியேறிவிடும். சென்ற வாரம் என்ன பட்டது என்பதை அது சொல்லுமே தவிர, இருபது ஆண்டு உழைப்பைச் சொல்லாது. தூசி அவசியம். தென்கிழக்கு அமெரிக்காவின் கரோலினா லூபஸ் ஆய்வில் மணலிலும் கல்லிலும் உள்ள படிகச் சிலிக்காவின் தூசிக்கும் லூபஸுக்கும் தொடர்பு தெரிந்தது. வட கரோலினாவின் கிழக்குப் பகுதி மணற்பாங்கான நிலத்தில் சர்க்கரைவள்ளி நடும்போது அத்தூசி மிகுதியாக எழுவதாக அளவீடுகளும் காட்டின. சுவீடனில் முடக்குவாதத்தோடும் சிலிக்கா தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. சேற்று நடவில் அது பெரிய பொருட்டாக இராது. நெல் உமியில் உள்ள சிலிக்காவும் பெரும்பாலும் படிக வடிவமற்றது. ஆனால் கோடையில் செங்கல் சூளைக்கோ கல்குவாரிக்கோ போகிறவர்களைக் கேட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

களப்பணியாளர், திருவாரூர்:

ஐயா சொன்னதோடு பஞ்சாலையையும் சேர்க்க வேண்டும். திருமணத்துக்கு முன் திண்டுக்கல், திருப்பூர் பக்கம் ஆலைகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி வயல் வேலைக்குப் போகிற பெண்கள் இங்கே உண்டு, மலேசிய ஆய்வொன்றில் துணியாலைத் தூசிக்கும் பெண்களின் முடக்குவாதத்துக்கும் தொடர்பு காட்டப்பட்டுள்ளது. வேலை வரலாற்றை ஆண்டு சொல்லிக் கேட்டால் விடை வராது. மூத்த பிள்ளை பிறந்தது, சுனாமி வந்தது, கஜா புயல் அடித்தது என்று நிகழ்வுகளை ஒரு தாளில் வரிசையாக வரைந்து, அவற்றுக்கிடையே எந்த வயலில் என்ன வேலை என்று கேளுங்கள். அமெரிக்காவில் புலம்பெயர் பண்ணைத் தொழிலாளர்களிடம் இதே போன்ற படக் காலண்டர் முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மருந்தின் பெயரைப் பெண்களிடம் கேட்பதைவிட, அடித்தவரையும் ஊர் மருந்துக்கடைக்காரரையும் கேட்பது நல்லது. காலிப் புட்டிகளின் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணத்தைப் படமெடுத்துக் காட்டினால் நச்சுத்தன்மையின் தரமாவது தெரிந்துவிடும். அடித்த எத்தனையாவது நாள் வயலில் இறங்கினார்கள், கையுறை இல்லாமல் களை பிடுங்கினார்களா, வேலைச் சேலையை வீட்டில் தனியாகத் துவைத்தார்களா என்ற மூன்று கேள்விகளையும் கட்டாயம் வையுங்கள். நிலத்துக்காரர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் இவற்றைக் கேட்க வேண்டாம். மாலையில் வீட்டுக்குச் சென்று கேளுங்கள்.