கூரை சோலார் மானியம்: விண்ணப்பித்த தந்தை காலமாகிவிட்டார்

வள்ளியூருக்கு அருகே உள்ள எங்கள் வீட்டுக் கூரையில் அமைத்த சோலாருக்குரிய ரூ.78,000 மானியம் வந்து சேரவில்லை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்கீழ் சென்ற ஆவணியில் என் தந்தை விண்ணப்பித்தார். மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் 3 கிலோவாட் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் பேனல்களும் ஐப்பசியில் பொருத்தப்பட்டன. நெட் மீட்டர் (நாங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) வருவதற்குள், மார்கழியில், அவர் காலமானார். தையில் மீட்டர் வைத்து, ஆய்வும் முடிந்து, இப்போது நன்றாகவே மின்சாரம் உற்பத்தியாகிறது.

மின் இணைப்பும் விண்ணப்பமும் தந்தையின் பெயரில் இருக்கின்றன. அவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. அம்மாவின் கணக்கைப் பதிவு செய்தால், பெயர் பொருந்தவில்லை என்று இணையதளம் நிராகரிக்கிறது. பேனல் பொருத்திய நிறுவனம், தன் வேலை முடிந்துவிட்டது என்கிறது. உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பதில் வராமலே புகார் முடித்துவைக்கப்பட்டது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டுவரி ரசீது ஆகிய மூன்றும் கைவசம் உள்ளன.

சமையல் எரிவாயு விற்பனையில் ஏற்பட்ட இழப்புக்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு 2022இல் ரூ.22,000 கோடியை ஒரே தவணையில் ஒதுக்கிய அரசு, கடன் வாங்கிச் சூரிய ஒளிக்கு மாறிய ஒரு குடும்பத்துக்கு உரிய தொகை இப்படி ஒரு பெயர் மாற்றத்தில் சிக்கி நிற்க விடக்கூடாது என்பதே என் எண்ணம். வங்கித் தவணையை அம்மாவின் ஓய்வூதியத்திலிருந்தே கட்டி வருகிறோம்.

மின் இணைப்பை அம்மாவின் பெயருக்கு மாற்றினால் பழைய விண்ணப்பத்திலேயே மானியம் கிடைக்குமா, அல்லது மாற்றுவதற்கு முன்பே வேறு நடைமுறை எதையேனும் முடிக்க வேண்டுமா?