எடை கூடிய பிள்ளைகளுக்கான உடற்பயிற்சி வகுப்பு: சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி:
எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், எடை கூடிய பிள்ளைகளுக்கென்று வாரம் இரண்டு மாலை உடற்பயிற்சி வகுப்பு தொடங்கவிருக்கிறார்கள். என் மகளுக்கு 10 வயது. அவளுடைய எடை வயதுக்கும் உயரத்துக்கும் மிக அதிகம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் சேர்த்துவிட நினைத்தேன். ஆனால், வாரந்தோறும் அனைவர் முன்னிலையிலும் எடை பார்த்து, அதிகம் குறைத்தவருக்குப் பரிசளிப்பார்கள் என்று அறிவிப்பில் கண்டதும் தயக்கம் வந்துவிட்டது. சேர்க்கலாமா?

மறுமொழி 1 (விளையாட்டுப் பயிற்றுநர்):
தங்கள் தயக்கம் நியாயமானதே. பலர் பார்க்க எடை மேடையில் ஏற்றப்படும் பிள்ளை, அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும். நான் முதலில் கவனிப்பது, ஒரு மணி நேர வகுப்பில் பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் அசைகிறார்கள் என்பதைத்தான். பிடிபட்டவர் வெளியே உட்கார வேண்டிய ஆட்டங்களில் பெரும்பாலும் முதலில் வெளியேறுவது எடை கூடிய பிள்ளையே; யாருக்காக வகுப்பு நடக்கிறதோ, அவரே அதிக நேரம் உட்கார்ந்திருப்பார். பிடிபட்டவர் எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டு மீண்டும் ஆட்டத்துக்குள் வரலாம் என்று ஒரு விதியை மாற்றினாலே இது சரியாகிவிடும். கயிறு இழுத்தலும் கனப்பந்து எறிதலும் இவர்களுடைய வலிமைக்கு இடம் தருபவை. நீச்சலில் தண்ணீர் உடலைத் தாங்குவதால் மூட்டுகளின் சுமை குறைகிறது. தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுபவர் என்றால், தயங்காமல் வேறிடம் பாருங்கள்.

மறுமொழி 2 (குழந்தைநல மருத்துவர்):
5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கான உடலியக்கம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வாரம் இரண்டு மாலைகளால் மட்டும் அதை எட்ட முடியாது என்பதால், மற்ற ஐந்து நாட்களில் வீட்டில் நடப்பதைப் பொறுத்தே வகுப்பின் பயன் அமையும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குடும்பத்தையும் உட்படுத்தி, 3 முதல் 12 மாதங்களில் குறைந்தது 26 மணி நேரமாவது நேரில் தரப்படும் உணவு, உடலியக்கப் பயிற்சியையே வலியுறுத்துகிறது. ஆகவே, பெற்றோரை வாசலோடு அனுப்பிவிடும் வகுப்பிடம் நான் அதிகம் எதிர்பார்க்க மாட்டேன். பரிசைப் பொறுத்தவரை, வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடை ஏறாமல் நின்றாலே, உயரம் கூடக்கூட உடல் நிறை குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் அளவு) இறங்கிவிடும். அதிகம் குறைப்பவருக்குப் பரிசு என்றால் சாப்பாட்டைத் தவிர்க்கத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். இடுப்பிலோ முழங்காலிலோ வலி எடுத்து நொண்டினால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுமொழி 3:
எல்லாப் பிள்ளைகளும் கலந்த வகுப்பே நல்லது என்று பலரும் சொல்வார்கள். என் அனுபவம் வேறு. பொதுவான கால்பந்துக் குழுவில் என் மகனை எப்போதும் கோல் காவலராகவே நிறுத்துவார்கள். தன்னைப் போன்ற பிள்ளைகள் சேர்ந்த வகுப்பில்தான் அவன் முதன்முறையாகப் பந்தைத் துரத்தி ஓடினான்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அமைப்பாளர்களிடம் பேசினேன். எடையைத் தனியறையில் பார்க்கவும், பெற்றோர் உடனிருக்கவும் ஒப்புக்கொண்டார்கள். பரிசை மட்டும் விட மனமில்லை, 'பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டாமா?' என்கிறார்கள். வருகைக்குப் பரிசு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். முதல் வகுப்புக்கு மகளோடு நானும் சென்று பார்த்துவிட்டு, அவளுடைய விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.