வீட்டுக்கு அடியில் மெட்ரோ சுரங்கம்: பழைய வீடு தாங்குமா?

மந்தைவெளிவாசி:
எங்கள் வீடு சென்னை மந்தைவெளியில் ஒரு உள்தெருவில் இருக்கிறது. தாத்தா 1954-இல் கட்டியது. செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். போன வாரம் மூன்று பேர் வந்து, ஏற்கெனவே இருக்கிற விரிசல்களையெல்லாம் பென்சிலால் குறித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வாசல் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு வில்லையை ஒட்டியிருக்கிறார்கள். சுரங்கம் எங்கள் தெருவுக்கு அடியில் போகுமாம். அம்மாவுக்கு 78 வயது. அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. இதே பாதை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) தூண் மேல்தானே போகிறது? இங்கே மட்டும் ஏன் வீடுகளுக்கு அடியில் நுழைய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்காடுசாலைக் கடைக்காரர்:
தூண் வந்தால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். எனக்கு வளசரவாக்கத்தில் பாத்திரக் கடை. ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை ஒரே தூணில் இரண்டு அடுக்கு, இரண்டு தடம். முதலில் குழி, அப்புறம் கம்பிக் கூடு, அப்புறம் ராத்திரியில் தூண் மேல் கர்டர், அதாவது உத்தரம், ஏற்றுவது. கடை வாசலில் தகரம் அடித்ததும் எதிர்ப்பக்கத்து வாடிக்கையாளர் இந்தப் பக்கம் வருவதே நின்றுபோனது. ஆடி மாதம் போகட்டும், தீபாவளிக்குக்கூட கூட்டம் இல்லை. மழைநீர் வடிகாலை உடைத்துவிட்டு மூடாமல் போனார்கள். இரண்டு மழைக்குக் கடைக்குள் தண்ணீர் வந்தது. ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பெண் அதில்தான் காலேஜுக்குப் போகப் போகிறாள். ஆனால் வாசலில் நடந்துபோக மூன்றடி விட்டு அடைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தெருவாகச் சேர்ந்து கேட்டதால்தான் எங்களுக்குக் கிடைத்தது.

பழையசர்வேயர்:
தம்பி, மெட்ரோவின் முதல் கட்டத்தில் மண்ணடிப் பக்கம் சுரங்கம் போனபோது தரை இறக்கத்தை அளந்த குழுவில் இருந்தேன். அங்கே இருந்தவை உங்கள் வீட்டைவிடப் பழைய கட்டடங்கள். அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஏன் மேலே போகவில்லை? ஓ.எம்.ஆரின் அகலம் உங்கள் பக்கத்து ஆர்.கே. மடம் சாலைக்குக் கிடையாது. தூண் நிற்கும் இடம் சின்னதுதான். ஆனால் வேலை முடியும்வரை நடுச்சாலையில் எட்டு, ஒன்பது மீட்டர் அடைபடும். நிலையம் வரும் இடத்தில் இன்னும் அகலம் வேண்டும். தவிர, சாலை திரும்புகிற மாதிரி ரயில் திரும்பாது. ஒரு பெட்டியே ஏறத்தாழ 22 மீட்டர் நீளம். வளைவு பெரிதாக வேண்டும், அதனால்தான் முனையில் வீடுகளுக்கு அடியில் போகிறது. காலி இடமாகப் பார்த்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே பறக்கும் ரயில் இருக்கிறது. 1997-இல் மயிலாப்பூர் வரை வந்தது. நிலம் எடுக்கும் தொல்லை இல்லை என்று பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண்களை இறக்கினார்கள். கால்வாய் குறுகிப்போனது, பல நிலையங்கள் பஸ் வரும் சாலையிலிருந்து தள்ளி நிற்கின்றன. அந்தத் தவற்றை நான் மன்னிக்கவே மாட்டேன்.

சரி, ஆபத்து எங்கே? சுரங்கம் தோண்டும் இயந்திரம் முன்னால் உள்ள மண்ணை அழுத்திப் பிடித்தபடியே வெட்டும். வெட்டியதும் பின்னால் கான்கிரீட் வளையம் பொருத்தி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சிமென்ட் கலவை செலுத்துவார்கள். ஒரே மாதிரி மண் என்றால் பிரச்சினை குறைவு. சென்னையில் கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி களிமண் அல்லது மணல் என்று கலந்து வரும். பாறையில் மெல்லத்தான் நகர முடியும். அந்த நேரத்தில் மேலே உள்ள இளமண் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிட்டால் பொந்து விழும். 2017-இல் அண்ணா சாலையில் பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கியது நினைவிருக்கும். அதனால்தான் எவ்வளவு மண் வெளியே வருகிறது என்பதை வளையத்துக்கு வளையம் கணக்குப் பார்ப்பார்கள். வாசல் சுவரில் உள்ள வில்லை அதற்கு மேல் ஒரு காவல். தூரத்திலிருந்து கருவியால் அதைப் பார்த்து ரீடிங் எடுப்போம். சுவர் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால்கூடத் தெரியும். அதன் மேல் சுண்ணாம்பு பூசிவிடாதீர்கள், முன்னால் தொட்டி, செடி வைக்காதீர்கள்.

ஒன்று மறக்காமல் செய்யுங்கள். வீட்டில் பழைய கிணறோ, கைவிட்ட போர்வெல்லோ இருந்தால் எழுத்தில் கொடுங்கள். மண்ணடியில் ஒரு வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் பலகை போட்டு மூடிய கிணறு இருந்தது. யாரும் சொல்லவில்லை. இயந்திரம் கீழே வந்த அன்று மண்ணை இளக்க இயந்திரம் செலுத்தும் நுரை அந்தப் பலகை இடுக்கு வழியாகச் சாம்பல் நிறத்தில் கிளம்பித் தரையில் பரவியது. அந்த வீட்டுப் பாட்டி முற்றத்தில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். கீழே உள்ள அழுத்தத்துக்குக் கிணறுதான் சுலபமான வழி. முன்னாலேயே தெரிந்தால் நிரப்பி அடைத்துவிட முடியும்.

அப்புறம், விரிசல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். உங்கள் போனிலும், விரிசல் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, அன்றைய நாளிதழோடு படம் எடுங்கள். பிறகு நஷ்டஈடு பேசும்போது அது பேசும்.

மந்தைவெளிவாசி:
ஐயா, ரொம்ப நன்றி. படித்ததும் பின்கட்டுக்குப் போனேன். துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே ஒரு கடப்பைக்கல் பலகை. நகர்த்திப் பார்த்தால் உறைக்கிணறு! சிறு கல்லைப் போட்டேன், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அம்மாவுக்குத் தெரியுமாம், "கேட்டால்தானே சொல்வேன்" என்கிறார். அந்த மூன்று பேரும் கேட்கவே இல்லை. ஆழம் அளக்கக் கயிறு வாங்கி வருகிறேன். நாளைக் காலை கடிதம் கொடுக்கிறேன். கிணற்றை நிரப்பாமல் வேறு வழி உண்டா? கோடையில் அந்தத் தண்ணீர்தான் தெருவுக்கே உதவியதாம்.

பழையசர்வேயர்:
சுரங்கம் இரண்டு மூன்று வீடு தள்ளிப் போனால் கிணற்றைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. கிணறு சுரங்கத்துக்கு நேர் மேலே இருந்தால் நிரப்பத்தான் வேண்டும் தம்பி. தடத்தின் வரைபடத்தில் உங்கள் வீடு எங்கே வருகிறது என்று கேட்டு, கிணற்றின் ஆழத்தோடு இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.